பென்ஷன் கையில்... பாஸ்போர்ட் பையில்!

பணி ஓய்வுக்குப் பிறகு கடல் கடந்த சபைகளுக்கு ஊழியம் செய்யக் கிளம்புகிறார்கள் தமிழ்க் கிறிஸ்தவர்கள். போகிறவர்களின் சாட்சியை ஞாயிறுதோறும் கேட்கிறோம். வரவேற்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

சென்னை விமான நிலையம். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. கொழும்பு விமானத்துக்கான வரிசையில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு. அதில் ஐந்து பேருக்குத் தலை முழுக்க நரை. அவர்களில் ஒருவர் பெட்டியை எடை இயந்திரத்தில் வைத்ததும், கவுன்ட்டரில் இருக்கும் பெண், "சார், மூணு கிலோ கூட இருக்கு" என்கிறார்.

நாசரேத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். வரிசையை விட்டு விலகி, தரையிலேயே பெட்டியைத் திறக்கிறார். உள்ளே கருப்பட்டி, எலுமிச்சை ஊறுகாய், ஆறு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை, ஞானப்பாட்டுப் புத்தகம், முப்பது ஜியாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்த கறுப்புக் கோட்டு.

ஜியாமெட்ரி பாக்ஸில் பாதியை எடுத்துவிடலாமா என்று அவர் யோசிக்கிறார். மனைவி குனிந்து கோட்டை உருவி, வழியனுப்ப வந்த மகன் கையில் திணிக்கிறார். "இது எதுக்கு அங்க? பிரசங்கமா பண்ணப் போறீய? அவிய கேட்டது கணக்கு வாத்தியாரு."

வரிசையில் சிரிப்பு. எச்.எம். சாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கோட்டு போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கோட்டைப் பற்றியதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஊருக்கு ஒரு ஜோடி

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் எந்தச் சேகரத்துக்குப் போனாலும் இப்படி ஒரு ஜோடியைக் காட்டுகிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர், அரசு மருத்துவமனை நர்ஸ், வங்கி மேலாளர், மின்வாரியப் பொறியாளர். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60. அறுபதில் பென்ஷன் வருகிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ டல்லஸிலோ இருக்கிறார்கள். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. முழங்கால் வலியைத் தவிர உடம்பு ஒத்துழைக்கிறது. இதற்கு மேல் என்ன செய்வது?

"சர்வீஸ்ல இருந்தப்பவே ஒரு பாரம் இருந்துச்சு. பிள்ளைகளைக் கரையேத்தணுமேன்னு தள்ளிப்போட்டேன். இனியும் தள்ளிப்போட முடியாதுல்லா" என்கிறார் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். இரண்டு முறை நேபாளம், ஒரு முறை தான்சானியா போய் வந்தவர். இப்படிக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் தனியாகப் போவதில்லை. ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட குழுவோடு சேர்ந்துகொள்கிறார்கள். இரண்டு வாரம் போய் வருபவர்கள் உண்டு. ஒரு வருடம், இரண்டு வருடம் தங்குபவர்களும் உண்டு. சம்பளம் கிடையாது. விமான டிக்கெட்டிலிருந்து சாப்பாடு வரை பெரும்பாலும் சொந்தக் காசு.

மேலை நாடுகளில் இது புதிதல்ல. ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நின்று ஏழைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை செய்யும் மெர்சி ஷிப்ஸ் கப்பல்களில், மருத்துவர் முதல் சமையல்காரர் வரை தொண்டர்கள். கப்பலில் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் நீண்ட காலம் அவர்களே கட்டணம் செலுத்திவந்தார்கள். 1978-ல் தொடங்கிய அமைப்பு அது. அமெரிக்கத் தென் பாப்திஸ்து சபையினரின் மிஷன் போர்டு, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கென்றே இரண்டு மூன்று ஆண்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது. நம் ஊரில் அப்படிப் பெயர் வைத்த திட்டங்கள் குறைவு. ஒரு கன்வென்ஷன் கூட்டம், ஒரு வாட்ஸ்அப் குழு, யாரோ ஒரு தெரிந்த ஐயர். அதிலிருந்து பயணம் தொடங்கிவிடுகிறது.

பழைய பாதைதான்

தென் தமிழகத்துக்கு இது பழக்கமான பாதை. இலங்கை மலையகத்துக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகப் போன காலத்தில், அவர்களுக்காக 1854-ல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரிலேயே ஒரு மிஷன் தொடங்கியது. அதற்கு உபதேசியார்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடல் தாண்டிப் போனார்கள். தரங்கம்பாடி வழிவந்த தமிழ் லுத்தரன் சபை, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய தன் மக்களைத் தேடிப் போதகர்களை அனுப்பியது.

பாதை ஒருவழியாகவும் இல்லை. 1902-ல் யாழ்ப்பாணம் போன வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் பணத்துக்குக் காத்திராமல் தாங்களே காணிக்கை திரட்டி ஊழியர்களை அனுப்பிவந்ததைக் கண்டார். ஊர் திரும்பிய மறு வருடமே, 1903 பிப்ரவரியில், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. கேட்டால் நம்மவர்கள் "நாங்கள்தான் அனுப்புகிறவர்கள்" என்பார்கள். அனுப்பக் கற்றுக்கொண்டது யாழ்ப்பாணத்தைப் பார்த்து!

■ பெட்டிச் செய்தி: அசரியா கேட்ட கேள்வி
பிறப்பு: 1874, வெள்ளாளன்விளை, இன்றைய தூத்துக்குடி மாவட்டம். 1903 இந்திய மிஷனெரி சங்கம், 1905 செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் இரண்டின் தொடக்கத்திலும் முன்னின்றவர். 1912-ல் தோர்னக்கல்லின் ஆயர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர். மறைவு: 1945, ஜனவரி 1.
1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள்; ஆசியர்கள் இருபது பேருக்கும் குறைவு. அந்த மேடையில் அசரியா எழுந்து, மிஷனெரிகள் இந்திய ஊழியர்களை வேலைக்காரர்களாக நடத்துகிறார்களே தவிர நண்பர்களாக நடத்துவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அரங்கில் சலசலப்பு எழுந்தது. இன்று அனுப்புகிற இடத்தில் நாம் இருக்கிறோம். அதே கேள்வி இப்போது நம் முகத்துக்கு நேரே நிற்கிறது.

எழுபதில் கட்டிய மூட்டை

ஓய்வுக்குப் பின் ஊழியம் என்றதும் பலரும் சொல்லும் உதாரணம் ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது. கொல்லிமலைக்காரர்களுக்கு அந்தப் பாட்டியைத் தெரியும். ஈவ்லின் பிராண்ட். 1879-ல் லண்டனில், வசதியான வீட்டில் பிறந்தவர். கணவர் ஜெஸ்ஸி பிராண்டுடன் 1913-ல் கொல்லிமலைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகளை மீட்டுக்கொடுத்த வேலூர் டாக்டர் பால் பிராண்ட், இவர்களுக்கு 1914-ல் பிறந்த மகன்தான். 1929-ல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். கொல்லிமலையோடு இன்னும் நான்கு மலைகளுக்கும் போகவேண்டும் என்று இருவரும் போட்டிருந்த திட்டம் பாதியில் நின்றது.

கிட்டத்தட்ட எழுபது வயதாகும்போது, லண்டனில் இருந்த மிஷன் சங்கம் "போதும், ஓய்வெடுங்கள்" என்றது. இன்னொரு ஐந்தாண்டுக்கு அனுப்ப மறுத்தது. ஒரே ஒரு வருடம் தாருங்கள் என்று மன்றாடி வாங்கிக்கொண்டு வந்தார். வருடம் முடிந்ததும் சங்கத்திலிருந்து முறைப்படி ஓய்வுபெற்றார். பிறகு மூட்டையைக் கட்டினார். கப்பலுக்கு அல்ல, கல்வராயன் மலைக்கு!

அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள். மட்டக்குதிரையில் மலை ஏறினார்; விழுந்தார்; இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு மீண்டும் ஏறினார். நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க, கிணறுகளைச் சுற்றிச் சுவர் கட்ட மக்களை விரட்டினார். தன் முதுமையைத் தானே பார்க்க வேண்டாம் என்று வீட்டில் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில், கொல்லிமலையில் அடக்கம்.

சிலிர்க்க வைக்கும் வாழ்க்கை. எல்லா மிஷனெரிக் கூட்டங்களிலும் இந்தக் கதை சொல்லப்படுகிறது. ஆனால், சொல்லும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாட்டி எழுபது வயதில் புதிதாக வந்து இறங்கியவர் அல்ல. அதற்கு முன்பே முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மக்களோடு வாழ்ந்தவர். தமிழ் தெரியும். எந்த ஊரில் எந்தக் கிணறு என்று தெரியும். அவருக்கு ஓய்வு என்பது அலுவலகக் கையெழுத்திலிருந்து கிடைத்த விடுதலை மட்டுமே. நம் எச்.எம். சார் இலங்கையின் நுவரெலியாவில் இறங்கும்போது, சிங்களத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. பாட்டியின் உதாரணத்தைச் சொல்லி அனுப்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் சொல்லி அனுப்பினால் நல்லது.

"எங்களைக் கேட்டாங்களா?"

மலையகத் தோட்டச் சபை ஒன்றின் போதகரைத் தொலைபேசியில் பிடித்தோம். பத்து வருடங்களில் பதினைந்துக்கும் மேற்பட்ட இந்தியக் குழுக்களை வரவேற்றவர். முதலில் மரியாதையாகத்தான் பேசினார். கொஞ்சம் கொஞ்சமாக மனம் திறந்தார்.

"வாறது சந்தோசம்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா, மே மாசம்தான் வாறாங்க. உங்க ஊருல அப்ப லீவு. எங்க பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்கே! வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தணும்னு நோட்டீஸ் அடிச்சுக் கொண்டு வந்துட்டாங்க. பிள்ளைகள் எங்க? நாங்கதான் பிரின்சிபலைக் கெஞ்சிப் பிள்ளைகளைக் கூட்டியாந்து உக்கார வச்சோம்."

இன்னொரு குழு, பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்கு வெள்ளையடித்துக் கொடுத்தது. போன வருடம் வேறொரு குழு அடித்த சுண்ணாம்பு அப்படியே இருந்ததாம். "அந்தக் காசுக்குக் கூரைத் தகரம் மாத்தியிருக்கலாம். ஒழுகுது. ஆனா வந்த மனுசருகிட்ட எப்படிச் சொல்றது? வயசுல பெரியவங்க."

'வயசுல பெரியவங்க.' இந்த இரண்டு வார்த்தைக்குள் பெரிய சிக்கல் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் குழுவாக வந்தால், போதகர் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று சொல்லிவிடலாம். அறுபத்திரண்டு வயது முன்னாள் முதன்மைக் கல்வி அலுவலரிடம், முப்பத்தைந்து வயதுத் தோட்டப் போதகர் எப்படிச் சொல்வார்? நாற்பது வருடம் உத்தரவு போட்ட குரல் அது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே பழகிய முதுகு அது. சபைக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் தானாகத் தலைவர் நாற்காலியைத் தேடுகிறது.

தலைமையாசிரியர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வங்கி மேலாளர்கள் இன்னும் மோசம். ஒரு ஆப்பிரிக்கச் சபையில் வந்து இறங்கிய மூன்றாம் நாளே காணிக்கைக் கணக்கைக் கேட்டு வாங்கி, எல்லார் முன்னிலையிலும் தப்புக் கண்டுபிடித்த ஒருவரைப் பற்றிக் குழுவில் இருந்த பெண்மணி ஒருவர் சொன்னார். கணக்கில் தப்பு இருந்தது உண்மைதான். ஆனால், அந்தச் சபையின் பொருளாளர் மறு ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. குழு ஊர் திரும்பும் வரையிலும் வரவில்லை.

குறுகிய கால மிஷன் பயணங்கள் கோடை விடுமுறை மாதிரி ஆகிவிட்ட அமெரிக்காவில் இந்த விவாதம் எப்போதோ தொடங்கிவிட்டது. ஸ்டீவ் கார்பெட், பிரையன் ஃபிக்கெர்ட் என்ற இருவர் 2009-ல் எழுதிய 'வென் ஹெல்ப்பிங் ஹர்ட்ஸ்' அங்கே சபை சபையாகப் படிக்கப்பட்ட புத்தகம். உதவி பெறுகிறவர்களைக் கையாலாகாதவர்களாகவும், உதவுகிறவர்களைக் கடவுளுக்கு அடுத்தபடியானவர்களாகவும் உணரவைக்கும் உதவி, இரண்டு பேரையும் கெடுக்கிறது என்பது அவர்கள் வாதம். நம் சபைகளில் இந்தப் பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை. திரும்பி வந்தவர்கள் புரொஜெக்டரில் போட்டோ காட்டுகிறார்கள். நாம் கைதட்டுகிறோம். அசனச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடுகிறது.

அப்படியென்றால் போகவே கூடாதா?

அப்படி இல்லை. அதே தோட்டப் போதகர் குரல் மாறிப் பேசியது ஒரு சிஸ்டரைப் பற்றி. ஓய்வுபெற்ற நர்ஸ், கன்னியாகுமரிக்காரர். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு குழுவோடு வந்தவர், குழு கிளம்பும்போது போதகரின் மனைவியிடம், "நான் என்ன செஞ்சா உங்களுக்கு உபயோகமா இருக்கும்?" என்று கேட்டார். அவர் தயங்கித் தயங்கி, கொழுந்து பறிக்கும் பெண்கள் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கி வருகிறார்கள், ஆனால் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றார். அடுத்த முறை சிஸ்டர் தனியாக வந்தார். ஊசி போடவில்லை, மருந்து கொடுக்கவில்லை. அதற்கு அந்த நாட்டுப் பதிவு வேண்டும். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயன்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், பெண்களோடு வாசலில் உட்கார்ந்து, எந்த மாத்திரை எப்போது, ஏன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பெண்கள் நான்கு பேரை அதே வேலைக்குப் பழக்கிவிட்டார். இப்போது அவர் வராவிட்டாலும் வேலை நடக்கிறது.

எச்.எம். சார் விஷயத்திலும் நடந்தது அதுதான். முதல் தடவை இதே தோட்டச் சபைக்குப் போனபோது பதினோரு நாளில் பதினான்கு பிரசங்கம் செய்தார். "ஆண்டவர் பயன்படுத்தினார்" என்று ஊரில் சாட்சியும் சொன்னார். பிறகு அந்தப் போதகருக்கு எழுதினார். மறுபடி வர ஆசைப்படுகிறேன் என்று எழுதியவர், என்ன தேவை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். பதில் வர ஒரு மாதம் ஆனது. பிள்ளைகள் சாதாரண தர (ஓ-லெவல்) பரீட்சையில் கணக்கில் கோட்டை விடுகிறார்கள், மாலை வகுப்புக்கு ஆள் வேண்டும், பிரசங்கத்துக்கு இங்கே ஆள் இருக்கிறது என்று மூன்று வரி.

"அந்த லெட்டரைப் படிச்சிட்டு ரெண்டு நாள் யாருட்டயும் பேசல இவிய" என்று மனைவி நம்மிடம் போட்டுக்கொடுத்தார். "அப்புறம் எட்டாம் வகுப்புக் கணக்குப் புஸ்தகத்தை எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்துட்டாவ."

சட்டம் சாட்சி கேட்காது

'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று சுற்றுலா விசாவில் போய்க் கூட்டம் நடத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் ஊழியர் விமானம் ஏறி வந்துவிடுவார். காவல் நிலையத்துக்கு நடப்பவர் உள்ளூர்ப் போதகர். சபைக்கு மேல் ஒரு கண் விழுந்துவிடும். பல வருடங்களுக்கு அது விலகாது.

■ பெட்டிச் செய்தி: எந்த நாட்டில் எப்படி?
நேபாளம்: இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. அதனாலேயே பலர் ஏமாறுகிறார்கள். 2015 அரசியல் சாசனமே மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பின் நாடு கடத்தல்.
சிங்கப்பூர்: மதக் கூட்டத்தில் பேச வரும் வெளிநாட்டவருக்குத் தனி வேலை அனுமதி வேண்டும்; 60 நாள் வரை. அழைக்கும் சபைதான் விண்ணப்பிக்க வேண்டும்.
வளைகுடா: ஐக்கிய அரபு அமீரகம், குவைத், பஹ்ரைன் நாடுகளில் அரசு அனுமதித்த வளாகங்களுக்குள் ஆராதனை நடக்கிறது, ஒரே வளாகத்தில் தமிழ் உட்படப் பல மொழிச் சபைகள் முறைவைத்துக் கூடுகின்றன. வளாகத்துக்கு வெளியே மதப் பிரச்சாரம் கூடாது.
பிரிட்டன், அமெரிக்கா: சமய ஊழியர்களுக்கென்றே விசா வகைகள் உள்ளன. அங்குள்ள சபையின் ஸ்பான்சர் இல்லாமல் நகராது.
எதிர்த்திசையிலும்: வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர், ஓ.சி.ஐ. அட்டையோடு இந்தியா வந்து மிஷனெரி வேலை செய்யவும் சிறப்பு அனுமதி தேவை என்கிறது 2021 மார்ச் அறிவிப்பு.
விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்தத் தூதரகத்தைக் கேட்டுவிடுங்கள்.

விசாவைச் சுற்றி இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. ஃபேஸ்புக்கில் 'பிஷப்' என்று அறிமுகமாகி, "எங்கள் நாற்பது சபைகளும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன" என்று அழைப்புக் கடிதம் அனுப்புவார்கள். பதிவுக் கட்டணம், மண்டப வாடகை, அனாதைப் பிள்ளைகளுக்கு அரிசி என்று பணம் கேட்பார்கள். கிராஜுவிட்டித் தொகை வந்த வாசனை அவர்களுக்கு எப்படியோ எட்டிவிடுகிறது. அழைக்கிற சபைக்குப் பின்னால் உங்கள் திருமண்டலத்துக்குத் தெரிந்த ஓர் அமைப்பு இல்லையென்றால், பதில் போடாமல் இருப்பதே விவேகம்.

மாத்திரை டப்பா

அறுபதைத் தாண்டியவர்களின் பயணத்தில் உடம்புதான் முதல் கேள்வி. உதாரணத்துக்கு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு அது இல்லாமல் போகமுடியாது. அந்த நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். ஆனால், முதல்முறையாகப் போடுகிறவர் அறுபது வயதுக்கு மேற்பட்டவர் என்றால் தீவிரப் பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். குழு முழுக்கப் போடுகிறதே என்று கையை நீட்டிவிடாமல், உங்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்கவேண்டிய விஷயம் இது.

அடுத்தது காப்பீடு. அரசு ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டு அட்டை கடல் தாண்டினால் வெறும் பிளாஸ்டிக். பயணக் காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்குப் பல பாலிசிகளில் இடமில்லை. எடுக்கும்போது அதை மறைத்தால், மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போதுதான் அது வெளியே வரும். தான்சானியா போய்வந்த நர்ஸ் சொன்னது: "எங்க குழுவுல ஒருத்தருக்கு மூணாம் நாள் நெஞ்சுவலி. அன்னையில இருந்து நாங்க ஊழியம் செய்யல. அந்தச் சபைதான் எங்களுக்கு ஊழியம் செஞ்சுது."

பென்ஷனுக்கும் கடல் தெரியாது. வருடா வருடம் 'உயிரோடு இருக்கிறேன்' என்று நிரூபிக்க வேண்டும். செல்போன் வழியே ஜீவன் பிரமாண் உண்டு. இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பவும் முடியும். மலைத்தோட்டத்தில் சிக்னல் இல்லாமல் தேதியைத் தவறவிட்டு, பென்ஷன் நின்றுபோய்த் தவித்தவர்கள் உண்டு.

ரிட்டையர் ஆகாதவர்

இந்தக் கட்டுரைக்காகப் பேசியவர்களில் ஆண்கள் எல்லாரும் அழைப்பைப் பற்றிப் பேசினார்கள். மனைவிமார் அடுப்பைப் பற்றிப் பேசினார்கள்.

"அவருக்கு அறுபதுல ஓய்வு. எனக்கு?" என்று கேட்டார் வள்ளியூர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருவர். கணவரோடு மலாவியில் ஒரு வருடம் இருந்தவர். குழுவில் ஏழு பேர். மூன்று வேளையும் சமையல் அவர் தலையில். "ஊழியத்துக்குத்தான் போனோம். நான் செஞ்சதும் ஊழியந்தான், இல்லைங்கல. ஆனா சாட்சி சொல்ல மேடையில ஏத்துனது அவரை மட்டும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த பயணத்துக்கு அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: சமையல் முறைவைத்து. கணவர் இப்போது ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைகள் தரப்பும் இருக்கிறது. சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் மகள், "அம்மா போனது பெருமைதான். ஆனா என் ரெண்டாவது டெலிவரிக்கு அம்மா இல்லை. அதை நான் சபையில எந்தப் பிரேயர் பாயின்ட்ல சொல்றது?" என்கிறார். தொண்ணூறு வயதுத் தாயை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனவருக்குச் செய்தி வந்தபோது, திரும்பி வர மூன்று நாள் ஆனது. அடக்கம் முடிந்திருந்தது. அறுபது வயதுக்காரர்கள் இரண்டு தலைமுறைக்கு நடுவில் நிற்கிறார்கள். மேலேயும் ஆள், கீழேயும் ஆள். இதைப் பேசி முடிவெடுக்காமல், 'அழைப்பு' என்ற ஒரு சொல்லால் வாயை அடைத்துவிட்டுக் கிளம்புவது நியாயமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. அப்படிக் கிளம்பியவர்களில் பலர் பாதியில் திரும்பியும் இருக்கிறார்கள்.

இழப்பு சொந்தச் சபைக்கும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்தான் எந்தச் சேகரத்திலும் ஞாயிறு பள்ளியின் முதுகெலும்பு. கிராமத்து ஆலயங்களில் இன்று பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஆள் இல்லை. பக்கத்து ஊர் சபை காய்ந்து கிடக்கும்போது ஆப்பிரிக்காவுக்கு ஏன் ஓட வேண்டும் என்று கேட்கும் ஐயர்மார் இருக்கிறார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. மறு பாதி, கையில் இருக்கும் ஆளை விட மனசில்லாத தவிப்பு.

கோட்டு இல்லாத ஞாயிறு

எச்.எம். சார் இப்போது நுவரெலியா மாவட்டத்தில் இருக்கிறார். சபை மூலமாக முறையான விசா. சாயங்காலம் ஐந்தரைக்கு வகுப்பு. முதல் மாதம் இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அதில் சபைப் பிள்ளைகள் ஒன்பது பேர்தான், மீதி இந்துக் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். குளிர் தாங்காமல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பின்னம் நடத்துகிறார். ஞாயிறன்று ஆலயத்தில் நடு பெஞ்சில் உட்காருகிறார். எட்டு மாதத்தில் இரண்டே முறைதான் போதகர் அவரைப் பிரசங்கிக்கச் சொன்னார்.

"கஷ்டமா இருக்கா சார்?"

"முதல்ல இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் லைனில் காற்றுச் சத்தம் மட்டும். "இந்த ஐயர் நல்லாப் பிரசங்கம் பண்ணுதாரு தம்பி. போன தடவை நான் பதினாலு நாளும் அவரைப் பேசவே விடல."

பதினோரு நாள் என்று முன்பு சொன்னவர், இப்போது பதினான்கு என்கிறார். நாம் திருத்தவில்லை.

பேச்சு முடியும் நேரத்தில் போதகர் போனை வாங்கி, வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்தார், அப்படியே தருகிறோம். தையல் மெஷின் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர், ஆங்கிலம் சொல்லித்தர ஒருவர் இருந்தால் நல்லது. குறைந்தது மூன்று மாதம் தங்க வேண்டும். கிளம்பும் முன் கடிதம் எழுதுங்கள், பதில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். மே மாதம்தான் வருவோம் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கிறதாம்.